மன் அண்ட் கம்பெனி, நியூயார்க்: 19ஆம் நூற்றாண்டின் பேட்டன்ட் ஏஜென்ட் சேவை பற்றி ஒரு பட்டறைக்காரனின் விமர்சனம்

நான் வாழைநார் பிரிக்கும் மெஷின் செய்கிறவன். கோவைப் பக்கம் சின்னப் பட்டறை, இரண்டு லேத், ஒரு வெல்டிங் செட், என்னோடு சேர்த்து நாலு பேர். சில வருடங்களுக்கு முன், பட்டையின் தடிமனுக்கு ஏற்ப ரோலரின் அழுத்தம் தானாகவே சரியாகிக்கொள்கிற மாதிரி ஓர் அமைப்பைச் செய்து, அதற்கு பேட்டன்டும் வாங்கினேன். வாங்கிய அனுபவம் நன்றாக இல்லை, அதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன். அதற்கப்புறம்தான் இந்த பேட்டன்ட் ஏஜென்ட் தொழில், அதாவது கண்டுபிடித்தவருக்காக பேட்டன்ட் மனுவை எழுதிப் போட்டுத் தரும் தொழில், எங்கிருந்து வந்தது, ஆரம்ப காலத்தில் இவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று தேட ஆரம்பித்து, ராத்திரி பட்டறை சாத்தியதும் பழைய அமெரிக்கப் பத்திரிகைகளின் ஸ்கேன் பக்கங்களைப் படித்துப் படித்து கடைசியில் மன் அண்ட் கம்பெனியிடம் வந்து நின்றேன். ஒரு கடையைப் பற்றியோ ஹோட்டலைப் பற்றியோ எழுதுகிற மாதிரியே இவர்களைப் பற்றியும் எழுதுகிறேன். நான் 1870களில் ஒஹாயோவிலோ வெர்மான்ட்டிலோ ஒரு பட்டறை வைத்திருந்தால் இவர்களிடம் போயிருப்பேனா என்பதுதான் கேள்வி.

முதலில் இவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1845 ஆகஸ்டில் ரூஃபஸ் போர்ட்டர் என்பவர் நியூயார்க்கில் சயன்டிஃபிக் அமெரிக்கன் என்ற வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1846ல் அதை 800 டாலருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர்கள் ஆர்சன் மன், ஆல்ஃப்ரெட் பீச் என்ற இரண்டு பள்ளித் தோழர்கள். ஒருவருக்கு 22 வயது, இன்னொருவருக்கு 20கூட நிரம்பவில்லை. பத்திரிகையைப் படிக்கிற மெக்கானிக்குகளும் விவசாயிகளும் பத்திரிகை ஆபீசுக்கே வந்து, ‘நான் இப்படி ஒன்று செய்திருக்கிறேன், பேட்டன்ட் கிடைக்குமா’ என்று கேட்டால் அதை அப்படியே விட்டுவிட முடியுமா? பத்திரிகையோடு மன் அண்ட் கம்பெனி என்ற பேட்டன்ட் ஏஜென்சியும் சேர்ந்தே ஓட ஆரம்பித்தது. பீச் தானே ஒரு கண்டுபிடிப்பாளர். பார்வையற்றவர்களுக்கான டைப்ரைட்டருக்கு 1856ல் பேட்டன்ட் வாங்கியவர், 1870ல் பிராட்வே தெருவுக்கு அடியில் காற்றழுத்தத்தில் ஓடும் ரயிலை ஓட்டிக் காட்டியவர். எதிரில் உட்கார்ந்து கேட்கிறவருக்கே கையில் கிரீஸ் பட்ட அனுபவம் இருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்த மாதிரி. என் ஏஜென்டுக்கு ரோலர் எந்தப் பக்கம் சுற்றும் என்பதையே மூன்று தடவை விளக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு ஏஜென்ட் இல்லாமல் சமாளிக்க முடியாதா என்றால், சட்டப்படி முடியும். ஆனால் 1836ல் வந்த சட்டம் ஆட்டத்தையே மாற்றிவிட்டது. அதுவரை அமெரிக்காவில் மனு போட்டுப் பணம் கட்டினால் பேட்டன்ட் பதிவாகிவிடும், புதுசா பழசா என்று யாரும் பார்ப்பதில்லை, சண்டை வந்தால் கோர்ட் பார்த்துக்கொள்ளும். 1836க்குப் பிறகு வாஷிங்டனில் பரிசோதகர் உட்கார்ந்து, இது ஏற்கனவே இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புவார். அப்போது அவருக்கு பதில் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும், பழைய பேட்டன்டுகளைப் புரட்டிப் பார்க்க வாஷிங்டனில் ஆள் வேண்டும், வரைய ஆள் வேண்டும். 1846ல் மொத்த அமெரிக்காவிலும் கொடுக்கப்பட்ட பேட்டன்டுகள் 566தான். 1860ல் அது 4,000ஐத் தாண்டிவிட்டது, 1890ல் 25,000ஐத் தாண்டிவிட்டது. இந்த வளர்ச்சியோடு சேர்ந்து வளர்ந்ததுதான் ஏஜென்ட் தொழில்.

சரி, சேவைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது இவர்களுடைய முதல் படி. ஒரு கைவரைபடம், கூடவே இது என்ன செய்கிறது என்று நாலு வரி விளக்கம், இவ்வளவுதான் தபாலில் அனுப்ப வேண்டும். பேட்டன்ட் கிடைக்க வாய்ப்பு இருக்கிறதா என்று அவர்கள் கருத்தை இலவசமாக எழுதி அனுப்புவார்கள், விஷயத்தை வெளியே விடமாட்டோம் என்ற உறுதியோடு. பேட்டன்ட் சட்டத்தை எளிமையாக விளக்கும் ஒரு கையேடும் இலவசம். அவர்கள் விளம்பரத்தில் வருடக்கணக்காக இதையே அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். நான் முதல் சந்திப்புக்கே பணம் கட்டினேன் என்பதால் இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாகத் தெரிகிறது என்று புரிந்துகொள்வீர்கள்.

அந்த இலவசக் கருத்து அனுபவத்தை வைத்துச் சொல்வது, தேடிப் பார்த்துச் சொல்வதில்லை. தேட வேண்டும் என்றால் 5 டாலர். வாஷிங்டனில் பேட்டன்ட் ஆபீசுக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு ஒரு கிளை இருந்தது. அங்கே இருப்பவர்கள் போய்ப் பழைய பேட்டன்டுகளையும் மாதிரிகளையும் பார்த்துவிட்டு, இதே மாதிரி இருக்கிறது, இல்லை என்று எழுதுவார்கள். இந்த 5 டாலரை யாரும் மிச்சம் பிடிக்கக்கூடாது என்பது என் கருத்து. ஏன் என்றால், 1836 சட்டத்தில் அரசுக் கட்டணம் 30 டாலர், நிராகரித்தால் மனுவை வாபஸ் வாங்கி 20 டாலரைத் திரும்பப் பெறலாம். 1861ல் சட்டத்தைத் திருத்தி, மனு போடும்போது 15, பேட்டன்ட் கிடைக்கும்போது 20 என்று பிரித்தார்கள், ஆனால் திரும்பத் தருவதை நிறுத்திவிட்டார்கள். ஏற்கனவே இருக்கிற பொருளுக்கு மனு போட்டால் அந்த 15 போனது போனதுதான், ஏஜென்டுக்குக் கொடுத்ததும் போச்சு.

அடுத்தது மாதிரி. 1880 வரை, மாதிரி செய்ய முடிகிற எந்த மெஷினுக்கும் ஒரு சின்ன மாதிரி செய்து அனுப்பியாக வேண்டும், நீளம் அகலம் உயரம் எதுவும் ஓர் அடியைத் தாண்டக்கூடாது. என் மெஷினை ஓர் அடிக்குள் அடக்கிச் செய்வதை யோசித்துப் பார்த்தேன். ரோலர் பேனா தடிமனுக்கு வரும், பேரிங் எல்லாம் கடிகாரக்காரர்தான் செய்ய வேண்டும். அதைப் பெட்டியில் வைத்து, பேர் எழுதி ஒட்டி, எக்ஸ்பிரஸ் கூலியை நாமே கட்டி அனுப்ப வேண்டும். லிங்கன் 1849ல் ஆற்று மணல் திட்டில் மாட்டிய படகைத் தூக்கும் அமைப்புக்கு பேட்டன்ட் வாங்கினாரே (எண் 6,469), அவரும் ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஒரு மெக்கானிக்கின் பட்டறையில்தான் மர மாதிரி செய்தார். அவருடைய மனு வேலையைக் கவனித்துக்கொண்டவர் வாஷிங்டனில் இருந்த ஜீனஸ் ராபின்ஸ் என்ற பேட்டன்ட் வக்கீல். வக்கீலாக வாழ்ந்த மனிதரே, காங்கிரஸ் உறுப்பினராக வாஷிங்டனில் இருந்தவரே, இந்த வேலைக்கு மட்டும் தனி ஆளை வைத்துக்கொண்டார். இந்த எழுத்து எவ்வளவு தனி வித்தை என்று இதிலேயே தெரிகிறது.

வரைபடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பழைய பேட்டன்டுகளில் எனக்கு உயிரே அதுதான். 10க்கு 15 அங்குலத் தடித்த வெள்ளை அட்டை, சுற்றி ஓர் அங்குலம் விட்டு ஒரு கோடு, உள்ளே 8க்கு 13 அங்குலத்தில்தான் படம். கன்னங்கரிய இந்தியா மை, வெளிச்சம் எப்போதும் இடது மேல் மூலையிலிருந்து விழுகிற மாதிரி நிழல். ஸ்கேனைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு உருளையின் வளைவைக் காட்டக் கோடுகளை முதலில் தள்ளித் தள்ளிப் போட்டு ஓரத்துக்குப் போகப் போக நெருக்கிக்கொண்டே போயிருப்பார்கள், ஒரு கோடுகூட பிசிறு தட்டியிருக்காது. இதை வரைந்தவர்களின் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் ஒருவர் லூயிஸ் லாட்டிமர், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பெற்றோரின் மகன். பாஸ்டனில் ஒரு பேட்டன்ட் வக்கீல் ஆபீசில் வாரம் 3 டாலர் சம்பளத்துக்கு எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, வரைகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, தலைமை வரைவாளராகி வாரம் 20 டாலர் வாங்கினார். பெல்லின் தொலைபேசி பேட்டன்டுக்குப் படம் வரைந்ததும் அவர்தான். மன் அண்ட் கம்பெனியிலும் இப்படி வரைகிறவர்கள் மேசை மேசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தயாரித்து வெளியே போன படங்களைப் பார்த்தால் தரத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை.

இன்னொரு விஷயம், படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 1850களின் இதழ்களில் கடைசிப் பக்கங்களுக்குப் போனால், அந்த வாரம் பேட்டன்ட் வேலைக்காக ஆபீசுக்கு வந்த பணத்தின் பட்டியல் இருக்கும். வாடிக்கையாளர் பெயரின் முதலெழுத்துகள், மாநிலம், எத்தனை டாலர், அவ்வளவுதான். அதற்குக் கீழே, இன்ன இன்ன முதலெழுத்துக்காரர்களின் விவரக்குறிப்பும் வரைபடமும் இந்த வாரம் வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டன என்று இன்னொரு பட்டியல். இன்றைக்கு நாம் கூரியரை மொபைலில் பார்க்கிறோமே, அதை அன்றே பத்திரிகையில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்! மிஷிகனில் ஒரு கிராமத்தில் இருக்கிறவன் பத்திரிகை வந்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தன் முதலெழுத்தைத் தேடியிருப்பான், கண்டதும் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். நான் ஏழு மாதம் என் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் போன் போட்டுக்கொண்டிருந்தேன். ‘சார் மீட்டிங்ல இருக்காரு’ என்ற பதிலைத் தவிர வேறு வரவில்லை.

கேள்வி பதில் பகுதியும் அதே மாதிரிதான். வாசகர் கடிதங்களுக்கு ஓரிரு வரியில் பதில்: இது புதிது இல்லை, இது பேட்டன்டுக்கு உகந்தது இல்லை, உங்கள் கடிதத்தில் படம் சரியாக இல்லை. முகத்துக்கு நேராகச் சொல்கிற அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கிறது. மனு போட்டால்தான் காசு என்ற தொழிலில் இருந்துகொண்டு, போடாதே என்று அச்சில் சொல்கிறார்கள்.

செலவு? ஏஜென்ட் கூலி பெரும்பாலும் 25 டாலரில் ஆரம்பம், அரசுக் கட்டணம் 35, ஆக 60 டாலர், மாதிரிச் செலவு தனி. லாட்டிமர் எடுபிடியாக இருந்தபோது வாங்கிய சம்பளத்தில் அது 20 வார உழைப்பு, தலைமை வரைவாளராக 3 வாரம். ஏழைக்குக் கனமான தொகைதான், ஆனால் கண்ணுக்கு எட்டிய தொகை. அதே காலத்து இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே 1852 திருத்தத்துக்குப் பிறகும் ஆரம்பக் கட்டணமே 25 பவுண்டு, 1883ல்தான் அது 4 பவுண்டாக இறங்கியது. அமெரிக்காவில் கொல்லனும் தச்சனும் மனு போட்டதற்கும் அங்கே பெரும்பாலும் வசதி உள்ளவர்கள் போட்டதற்கும் இந்த வித்தியாசம் ஒரு பெரிய காரணம்.

இனி குறைகள். முதலாவது, பத்திரிகையும் ஏஜென்சியும் ஒரே கையில் இருந்தது. மன் அண்ட் கம்பெனி வழியாக பேட்டன்ட் வாங்கினால் சயன்டிஃபிக் அமெரிக்கனில் இலவசமாகத் தனிக் குறிப்பு வரும் என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்தார்கள். வாடிக்கையாளருக்கு அது கொழுத்த லாபம், நாடு முழுவதும் முதலாளிகள் படிக்கிற பத்திரிகை. ஆனால் வாசகன் ஒரு புது மெஷினைப் பற்றிப் படிக்கும்போது, அது சிறந்தது என்பதால் வந்ததா, இவர்களிடம் கூலி கட்டியதால் வந்ததா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தரமான பத்திரிகை என்பதில் சந்தேகம் இல்லை. 1877 டிசம்பரில் எடிசனே தன் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் மேசையில் வைத்துப் பேச வைத்தார், அது அவர்களை நலம் விசாரித்ததாம். அத்தனை மரியாதை உள்ள பத்திரிகை என்பதால்தான் இந்தக் கலப்பு எனக்கு உறுத்துகிறது. (அதே எடிசனின் பேட்டன்ட் வேலைகளைப் பல வருடம் பார்த்தவர் லெமுவல் செரல் என்ற வேறொரு வக்கீல்.)

இரண்டாவது, பேட்டன்ட் ஆபீசின் தலைவராக 1853 முதல் 1857 வரை இருந்த சார்ல்ஸ் மேசன், பதவி விலகிய சில வருடங்களில் இவர்களோடு சேர்ந்தார். நிராகரித்த மனுக்களை மேல்முறையீட்டில் வாதாட அவரைவிடச் சிறந்த ஆள் கிடைக்கமாட்டார், வாடிக்கையாளனாக நான் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் பரிசோதகர் மேசையில், தன் பழைய தலைவர் எழுதிய கடிதமும் யாரோ ஒரு தனி ஏஜென்டின் கடிதமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் இரண்டுக்கும் ஒரே எடை இருக்குமா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

மூன்றாவதுதான் என் சொந்த வலியோடு சம்பந்தப்பட்டது. பேட்டன்டின் உயிர் கிளெய்மில் இருக்கிறது, கடைசியில் ‘நான் உரிமை கோருவது இது’ என்று வருகிற அந்தச் சில வரிகள். ராஸ் வைனன்ஸ் என்ற பால்டிமோர்க்காரர் 1847ல் நிலக்கரி வண்டிக்கு பேட்டன்ட் வாங்கினார். வண்டியின் பெட்டியைக் கூம்பு மாதிரி வட்டமாகச் செய்தால் நிலக்கரியின் பாரம் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும், மெல்லிய இரும்புத் தகடே போதும், வண்டி எடை குறையும். அருமையான யோசனை. கிளெய்மிலும் கூம்பு என்றே எழுதிவிட்டார்கள். டென்மீட் என்பவர் அதையே எண்கோணமாகச் செய்தார். வட்டம் இல்லையே, எட்டு மூலை இருக்கிறதே! கீழ்க் கோர்ட்டில் வைனன்ஸ் தோற்றார். உச்ச நீதிமன்றம் வரை போய், அங்கே 5க்கு 4 என்ற கணக்கில்தான் பிழைத்தார். ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

என் கிளெய்மில் ‘சுருள் ஸ்பிரிங்’ என்று இருந்தது. எனக்கு அதன் அர்த்தம் அப்போது தெரியாது, ஏஜென்ட் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். மெஷின் சந்தைக்கு வந்த அடுத்த வருடமே பக்கத்து ஊரில் ஒருவர் ஸ்பிரிங் இருந்த இடத்தில் ரப்பர் கட்டையை வைத்து, மற்றதெல்லாம் என் மெஷின் மாதிரியே செய்து, 4,000 ரூபாய் குறைவாக விற்றார். வக்கீலிடம் போனேன், பேப்பரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உச்ச நீதிமன்றம் வரை போக எனக்கு ஏது காசு.

அதனால்தான் நிறைய மனு போடுகிற எந்த ஏஜென்சியையும் பார்த்தால் எனக்கு இந்தக் கேள்வி வருகிறது. பேட்டன்ட் கிடைத்தால் ஏஜென்டின் வேலை முடிந்தது, அகலமான கிளெய்மா குறுகலான கிளெய்மா என்பது வாங்கியவன் தலையில். குறுகலாக எழுதினால் பரிசோதகர் சீக்கிரம் ஒத்துக்கொள்வார், வாரப் பட்டியலும் நீளும். மன் அண்ட் கம்பெனி அப்படிச் செய்தது என்று நான் சொல்லவில்லை, ஆனால் நிலையான கூலிக்கு வாரம் வாரம் மனு அனுப்புகிற எல்லா இடத்திலும் அந்த இழுப்பு உண்டு. அன்றைக்கு ஒரு தப்பிக்கும் வழியாவது இருந்தது: பேட்டன்டைத் திருப்பிக் கொடுத்து, கிளெய்மை அகலமாக்கி மறுபடி வாங்கலாம். பலர் அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்தவே, 1882ல் உச்ச நீதிமன்றம் வருடக்கணக்காகத் தாமதித்து வந்து அகலமாக்குவதைத் தடுத்துவிட்டது.

எனவே யாருக்கு இவர்கள் சரி? பால் கடையும் மெஷின், கதவுக் கொண்டி, கலப்பைக் கொழு, இந்த மாதிரி ஒரு நல்ல சின்ன மேம்பாடு கையில் இருப்பவர், ஊரை விட்டு வர முடியாதவர், ஏமாந்துவிடுவோமோ என்று பயப்படுகிறவர், தயங்காமல் போகலாம். பெரிய முதலாளிகள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரிந்த கண்டுபிடிப்பு என்றால் வாஷிங்டனிலேயே பெயர் போன வக்கீலைப் பிடிப்பது நல்லது. 1876 பிப்ரவரி 14 அன்று பெல்லின் தொலைபேசி மனுவைப் போட்டவர்கள் போலக், பெய்லி என்ற இருவர். அதே நாளில், தொலைபேசியில் வேலை செய்துகொண்டிருந்த இன்னொரு கண்டுபிடிப்பாளரான எலைஷா கிரே ‘கேவியட்’ மட்டும் போட்டார், அதாவது நான் இதைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு வருடத்துக்கு இடம் பிடித்து வைக்கும் முன்னறிவிப்பு, 10 டாலர் கட்டணம். மூன்றே வாரத்தில், மார்ச் 7ல், பேட்டன்ட் பெல்லுக்கு. எந்தத் தாளை எந்த நாளில் நீட்டுவது என்று சொல்லவும்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

யாரிடம் போகக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1890களில் வாஷிங்டனில் ஜான் வெடர்பர்ன் அண்ட் கம்பெனி என்று ஒன்று. ‘எளிமையான ஒரு யோசனை இருக்கிறதா, அது உங்களைப் பணக்காரராக்கலாம்’ என்று ஊர் ஊராகப் பத்திரிகைகளில் விளம்பரம், 1,800 டாலர் பரிசு வேறு. 1897ல் பேட்டன்ட் ஆபீஸ் அவர்களைத் தொழிலிலிருந்தே நீக்கியது. இரண்டு விளம்பரங்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மன் அண்ட் கம்பெனி விளம்பரம், உன் பொருளுக்கு பேட்டன்ட் கிடைக்குமா என்று சொல்கிறோம் என்கிறது. வெடர்பர்ன் விளம்பரம், உனக்குப் பணம் வரும் என்கிறது. இன்றைக்கும் ஏஜென்ட் தேடுகிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்தால் பாதிப் பேர் தப்பிப்பார்கள்.

நம் நாட்டுப் பக்கம் பார்த்தால், 1856ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த முதல் சட்டத்தின்கீழ் முதல் மனு போட்டவர் கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்ஃப்ரெட் டி பென்னிங் என்ற சிவில் என்ஜினியர், பங்கா (கூரையில் தொங்கும் துணி விசிறி) இழுக்கும் மெஷினுக்கு. அந்தக் குடும்பப் பெயரில் வளர்ந்த காப்புரிமை நிறுவனம் இன்றும் சென்னையில் இருக்கிறது. பீச் மாதிரியே இங்கேயும் மெஷின் செய்தவர் பெயரில்தான் இந்தத் தொழில் தொடங்கியிருக்கிறது என்று தெரிந்தபோது மனதுக்கு இதமாக இருந்தது.

மதிப்பெண் கேட்டால் 5க்கு 4 கொடுப்பேன். குறைத்த ஒன்று அந்தப் பத்திரிகைக் கலப்புக்காக.

இப்போது என் அடுத்த மெஷினுக்கு மனு தயாராகிறது, வேறு ஏஜென்ட். போன வாரம் வரைவு வந்தது, உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். மூன்றாவது கிளெய்மில் ‘உருக்குக் கத்தி’ என்று இருந்ததை அடித்து, ‘நாரைச் சுரண்டும் விளிம்புடைய எந்தப் பாகமும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.